ஒத்தை சிகரெட்டில் படம் எங்கே இருக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சிகரெட் பாக்கெட் மேல் அச்சடிக்கிற புற்றுநோய்ப் படங்களை எடுத்துவிட வேண்டும் என்று சென்ற வாரம் உங்கள் வாசகர் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது, கடைக்கு வருகிற குழந்தைகள் பயப்படுகிறார்கள், இத்தனை வருஷமாகப் போட்டும் குடிக்கிறவர் குடித்துக்கொண்டுதான் இருக்கிறார், அப்புறம் எதற்கு அது என்று கேட்டிருந்தார். நான் புஞ்சைப் புளியம்பட்டியில் மளிகைக் கடை வைத்திருப்பவன். அவர் சொன்னதில் முதல் இரண்டுக்கும் என்னிடம் ஒரே பதில்தான்: அந்த நோய் அப்படித்தான் இருக்கும், பக்கத்தில் இருந்து பார்த்தவன் சொல்கிறேன், படத்தில் இருப்பதை விட மோசமாகத்தான் இருக்கும். மூன்றாவது கேள்வி நியாயமானது. அதற்குத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், சுருக்காமல் போட்டால் நன்றி.

எங்கள் பக்கத்து பேக்கரிகளைப் பற்றித் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். கோயமுத்தூரில் இருந்து சத்தியமங்கலம் வரைக்கும், அந்தப் பக்கம் திருப்பூர், பல்லடம், காங்கயம் என்று எந்த ரோட்டில் போனாலும் விடிகாலையில் திறந்து ராத்திரி வரை ஆள் நின்றுகொண்டிருக்கும் கடை அதுதான். ஷிப்ட் முடிந்து வருகிற மில்காரர்கள், பனியன் கம்பெனிப் பையன்கள், தறி ஓட்டுகிறவர்கள், லோடு இறக்குகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான். மாஸ்டரிடம் ஒரு டீ, கல்லாவில் ஒரு கிங்ஸ். கல்லாவில் இருப்பவர் பாக்கெட்டை எடுத்து, மூடியைத் திறந்து, ஒன்றை உருவி நீட்டுவார், பாக்கெட் திரும்ப மேஜைக்குக் கீழேயோ கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயோ போய்விடும். தூணில் கயிறு கட்டி லைட்டர் தொங்கும். பற்ற வைத்துக்கொண்டு டீ டம்ளரோடு ஓரமாகப் போய் நின்றுவிடுவார்கள். இந்த மொத்த வியாபாரத்திலும் அந்தப் படத்தைப் பார்த்தவர் யார்? கல்லாவில் இருக்கிறவர் ஒருத்தர். சில கடைகளில் பாக்கெட்டை மொத்தமாகப் பிரித்து சிகரெட்டைத் தகர டப்பாவில் நிறுத்தி வைத்துவிடுகிறார்கள், அங்கே அவரும் பார்ப்பதில்லை.

எங்கள் தெருமுனை பேக்கரிக்காரரிடம் ஒரு தடவை இதைக் கேட்டேன். "படம் போட்ட பாக்கெட்டு எங்களுக்குத்தானுங்க, அவங்களுக்கு ஒத்தை ஒத்தையாத்தானுங்க குடுக்கறோம்" என்றார். அவர் யதார்த்தமாகத்தான் சொன்னார். எனக்கு அது மனதில் இருந்து போகவே இல்லை. அரசாங்கம் இத்தனை சட்டம் போட்டு, கோர்ட்டு வரைக்கும் போய் நின்று காப்பாற்றின படம், யாருடைய நுரையீரலுக்காகப் போட்டதோ அந்த ஆளின் கண்ணில் படாமலே போகிறது.

படத்தால் பலனே இல்லை என்று சொல்கிறவர்கள் அது வந்த கதையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1975-ஆம் வருஷத்துச் சட்டப்படி சிகரெட் பாக்கெட்டில் ஒரு வரி எச்சரிக்கை மட்டும்தான் இருந்தது, அதுவும் படிக்கத் தெரிந்தவருக்கு, கண் நன்றாகத் தெரிந்தவருக்கு. 2003-இல் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, படம் என்று ஒன்று பாக்கெட்டில் ஏறியது 2009 மே 31-ஆம் தேதிதான். அப்போது முன்பக்கத்தில் 40 சதவீதம். சிகரெட், பீடிக்கு நுரையீரல் படம், மெல்லுகிற புகையிலைக்கு ஒரு தேள். அந்தத் தேளைப் பார்த்துவிட்டு இது என்ன புதுக் கம்பெனி மார்க்கா என்று என் கடையிலேயே கேட்டவர்கள் உண்டு. ஒட்டகம், மயில் என்று மார்க் பார்த்து வாங்கிப் பழகின ஜனங்களுக்குத் தேளும் இன்னொரு மார்க்தானே. அப்படிப் பட்டும் படாமலும் போட்டதற்குப் பலன் இல்லை என்றால் நானும் ஒத்துக்கொள்வேன்.

ஆனால் அதற்குப் பிறகு வந்தது வேறு. 2014-இல் மத்திய அரசு பாக்கெட்டின் இரண்டு பக்கமும் 85 சதவீதம் எச்சரிக்கை, அதில் 60 படம், 25 எழுத்து என்று உத்தரவு போட்டது. 2015 ஏப்ரலில் வர வேண்டியது, ஒரு வருஷம் தள்ளிப்போய் 2016 ஏப்ரல் 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதியில் பெரிய சிகரெட் கம்பெனிகள் என்ன செய்தன தெரியுமா? தொழிற்சாலையில் உற்பத்தியையே நிறுத்தின. அப்புறம் வழக்கு மேல் வழக்கு. 2017 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது, 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை போட்டதால்தான் இன்றைக்கும் பாக்கெட்டில் அந்தப் பெரிய படம் இருக்கிறது. நான் வியாபாரி. எனக்குப் புரிகிற கணக்கு இதுதான்: விற்பனையைத் தொடாத ஒரு விஷயத்துக்காக எந்த வியாபாரியும் ஒரு நாள் கடையைச் சாத்த மாட்டான், வக்கீலுக்குப் பணம் கட்ட மாட்டான். அந்தப் படம் வாங்குகிறவர் மனதை ஏதோ செய்கிறது என்பது நம்மை விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கணக்கெடுப்பும் அதைத்தான் சொல்கிறது. மத்திய சுகாதார அமைச்சகம் எடுத்த தேசிய அளவிலான புகையிலைக் கணக்கெடுப்பில், பாக்கெட்டில் இருந்த எச்சரிக்கையைப் பார்த்து இதை விட்டுவிடலாமா என்று நினைத்தோம் எனச் சொன்ன சிகரெட் பிடிப்பவர்கள் 2009-10-இல் நூற்றுக்கு 38 பேர், 2016-17-இல் அதுவே கிட்டத்தட்ட 62 பேர். பீடி குடிப்பவர்களில் 29-இல் இருந்து 54. மெல்லுகிறவர்களில் 34-இல் இருந்து 46. நினைத்தவர்கள் எல்லாரும் விட்டுவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை, விடுவது அத்தனை லேசு இல்லை என்று வீட்டில் ஒருத்தர் இருந்தாலே தெரியும். ஆனால் நினைக்காமல் யாரும் விடுவதில்லையே.

இதே கணக்கெடுப்பில் இன்னொன்றும் இருக்கிறது, அது நம் ஊருக்கு வெட்கப்பட வேண்டிய விஷயம். இந்தியா முழுக்கப் பார்த்தால் புகையிலை உபயோகிக்கிற பெரியவர்கள் நூற்றுக்கு 34.6-இல் இருந்து 28.6 ஆகக் குறைந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மட்டும் பார்த்தால் 16.2-இல் இருந்து 20 ஆகக் கூடியிருக்கிறது. பல மாநிலங்களை விட நம் எண்ணிக்கை அந்தக் கணக்கிலும் குறைவுதான், ஆனாலும் நாடே இறங்கியபோது நாம் ஏறியிருக்கிறோம். இதற்குக் காரணம் ஒன்றே ஒன்று என்று நான் சொல்ல முடியாது. இங்கே புகையிலை எப்படி விற்கிறது என்பதை தினமும் பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லலாம், சிகரெட் கை மாறுகிற இடத்தில் நம் ஊரில் பாக்கெட்டே இல்லை.

படம் மட்டும் இல்லை, அந்த நம்பரும் போகிறது. 2018 செப்டம்பரில் இருந்து பாக்கெட்டில் 1800-11-2356 என்று ஒரு இலவச நம்பர் அச்சடிக்கிறார்கள், புகையிலையை விட நினைப்பவர்கள் கூப்பிட்டுப் பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இருந்து தமிழிலேயே பேசுகிறார்கள். நல்ல ஏற்பாடு. இதை எங்கள் கடைக்கு வருகிற ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், அப்படி ஒரு நம்பர் இருப்பதே தெரியாது. எப்படித் தெரியும்? தினமும் ஏழெட்டு சிகரெட் குடிக்கிறவர் ஏழெட்டுத் தடவை கடைக்கு வருகிறார், ஏழெட்டுத் தடவையும் ஒத்தையாக வாங்குகிறார், நம்பர் போட்ட காலி அட்டை பேக்கரியின் குப்பைத் தொட்டியில் கிடக்கிறது.

இனி என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் சிகரெட்டை விட எனக்குப் பெரிய கவலை அதில்தான் இருக்கிறது.

என் அம்மா சிகரெட்டைத் தொட்டவர் இல்லை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, போயிலை. களை எடுக்கப் போகிற பெண்களுக்கு எங்கள் பக்கம் அதுதான் துணை, பசி தெரியாது, பல்வலி தெரியாது என்பார்கள். இடுப்பில் சுருக்குப் பை, அதில் ஒரு துண்டு இலை எப்போதும் இருக்கும். வியாழக்கிழமை புளியம்பட்டிச் சந்தைக்கு வந்தால் மாட்டுச் சந்தைக்கு அந்தப் பக்கம் புகையிலை வியாபாரிகள் கட்டுக் கட்டாக விரித்து வைத்திருப்பார்கள், வெல்லத் தண்ணீர் தெளித்துப் பதம் பண்ணின கறுத்த இலை, பத்தடி தள்ளி வரும்போதே வாசம் தெரியும். முகர்ந்து பார்த்து, கொஞ்சம் கிள்ளி வாயில் வைத்துப் பார்த்து, காரம் சரியாக இருக்கிறது என்றால் தராசில் நிறுத்து, பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பார்கள். அதில் எங்கே படம்? எங்கே எச்சரிக்கை? அம்மா உயிரோடு இருந்த காலம் முழுக்க, புகையிலை போட்ட வாய் என்ன ஆகும் என்று காட்டுகிற ஒரு படம் அவர் கைக்கு வந்ததே இல்லை.

இடது கன்னத்துக்குள் ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. காரம் பட்டால் எரிந்தது. கடைவாய்ப் பல் உரசுகிறது என்று அவரே முடிவு பண்ணிக்கொண்டு, நல்லெண்ணெய் கொப்பளித்தார், மஞ்சள் தடவினார், எங்களிடம் சொல்லவே இல்லை. வாய் சரியாகத் திறக்க முடியாமல் ஒரு உருண்டை சோறு போகாத நிலை வந்த பிறகுதான் கோயமுத்தூருக்குக் கூட்டிப் போனோம். இது எத்தனை நாளாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டபோது, "போன தேருக்கு முன்னாடியே இருந்துச்சுங்க சாமி" என்றார் அம்மா. அந்த அறையின் சுவரில் வாய்ப் புற்றுநோய் பற்றிய ஒரு பெரிய படம் ஒட்டியிருந்தது, வரிசையாக, முதலில் எப்படி இருக்கும், பிறகு எப்படி ஆகும் என்று. அம்மாவுக்கு ஒரு எழுத்துக் கூடப் படிக்கத் தெரியாது. அந்த வரிசையில் முதல் படத்தைக் கையை நீட்டிக் காட்டி, "எனக்கும் மொதல்ல இப்படித்தானுங்க இருந்துச்சு" என்றார்.

அவ்வளவுதான் நான் சொல்ல வருவது. படம் பார்த்தால் அவருக்குப் புரிந்தது. பார்த்த நிமிஷத்தில் புரிந்தது. ஒரு வருஷம் முன்னால் அதே படம் சந்தையில் அந்தப் புகையிலைக் கட்டுக்கு மேலே தொங்கியிருந்தால், வெள்ளைத் திட்டாக இருக்கும்போதே வீட்டில் சொல்லியிருப்பார். வாய்ப் புற்றுநோயை ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் காப்பாற்றிவிடலாம், கழுத்து வரை கட்டி இறங்கிய பிறகு ரொம்பக் கஷ்டம் என்று அன்றைக்கு அந்த டாக்டர் சொன்னார். அறுவை சிகிச்சை செய்தோம், கரண்ட் என்கிற கதிர்வீச்சு வைத்தோம், அம்மா பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு என் கடையில் புகையிலை எந்த ரூபத்திலும் கிடையாது.

படம் எதற்கு, எழுத்து போதாதா என்று கேட்பவர்கள் திருப்பூருக்கும் வந்து பார்க்க வேண்டும். பீகாரில் இருந்தும் ஒடிசாவில் இருந்தும் வந்த பிள்ளைகள் எத்தனை ஆயிரம் பேர், உள்ளங்கையில் கைனி என்கிற புகையிலைத் தூளைக் கொட்டிச் சுண்ணாம்பு வைத்துத் தேய்த்து உதட்டுக்குள் அடக்கிக்கொண்டு மெஷினில் உட்காருகிறார்கள். அவர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, நம் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. எல்லாருக்கும் தெரிகிற ஒன்று அந்தக் கிழிந்த கன்னம்தான். குட்காவும் புகையிலை கலந்த பான் மசாலாவும் 2013-இல் இருந்து தமிழ்நாட்டில் தடை, ஆனாலும் திம்பம் மலைப்பாதை வழியாகவும் ஓசூர் வழியாகவும் மூட்டை மூட்டையாக வருவதைப் போலீஸ் பிடிக்கிற செய்தி உங்கள் பத்திரிகையிலேயே வாராவாரம் வருகிறது. பள்ளிக்கூடத்துப் பையன்கள் உதட்டில் வைத்துக்கொள்கிற சின்னப் புகையிலைப் பொட்டலம் வரைக்கும் வந்துவிட்டது. அது தனிக் கதை, அதைப் போலீஸும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளும்தான் பார்க்க வேண்டும், இங்கே விரிக்கவில்லை.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் ஒத்தையாக விற்பதை நிறுத்த வேண்டும். எச்சரிக்கை இல்லாத பாக்கெட்டை விற்கக்கூடாது என்று 2003 சட்டத்தின் 7-ஆவது பிரிவு சொல்கிறது. எச்சரிக்கை உள்ள பாக்கெட்டைப் பிரித்து, எச்சரிக்கை இல்லாத சிகரெட்டை விற்றால் அந்தச் சட்டத்துக்கு என்ன மரியாதை? 2020 செப்டம்பரில் மகாராஷ்டிரா அரசு இதைத்தான் காரணம் காட்டி சிகரெட்டையும் பீடியையும் சில்லறையாக விற்பதைத் தடை செய்தது. மத்திய அரசு 2015-லும் 2020-லும் சட்டத் திருத்த வரைவு கொண்டு வந்து சில்லறை விற்பனைத் தடையை அதில் எழுதியது, சட்டமாகவில்லை. தில்லி செய்யும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை, குட்காவுக்குத் தடை போட்ட தமிழ்நாடு அரசால் இதையும் செய்ய முடியும்.

இதைச் சொன்னாலே இரண்டு எதிர்ப்பு வரும் என்று எனக்குத் தெரியும். ஒன்று, கூலிக்காரர் பாக்கெட் வாங்கப் பணத்துக்கு எங்கே போவார், வாங்கினாலும் பத்தையும் குடித்துத் தீர்ப்பாரே என்பது. ஏற்கனவே ஒரு நாளைக்குப் பத்து குடிக்கிறவருக்கு இதனால் ஒன்றும் கூடப் போவதில்லை. அவர் பாக்கெட் வாங்கட்டும், சட்டைப் பையில் வைக்கட்டும், வீட்டுக்குப் போய் டி.வி. மேஜை மேல் வைக்கட்டும். வைக்கிற ஒவ்வொரு தடவையும் அவரும் பார்ப்பார், அவர் மனைவியும் பார்ப்பார், பெண் பிள்ளை இருந்தால் "அப்பா இது என்னப்பா" என்று கேட்கும். சென்ற வாரக் கடிதக்காரர் குழந்தைகள் பயப்படுகிறார்கள் என்றாரே, அந்தப் பயம் வீட்டுக்குள் வந்து அப்பாவிடம் கேள்வியாக நிற்பதை நான் நல்லது என்றுதான் நினைக்கிறேன். அப்புறம், முதல் சிகரெட்டைக் குடிக்கப் போகிறவனை யோசியுங்கள். பிளஸ் டூ படிக்கிற பையன், பஸ்ஸுக்குக் கொடுத்த காசில் மிச்சம் வைத்திருக்கிறான். ஒரு சிகரெட் அவனால் வாங்க முடியும், நண்பனோடு பங்கு போட்டு வாங்க முடியும். ஒரு பாக்கெட்டுக்கு அவன் கையில் காசு இருக்காது, இருந்தாலும் வீட்டுக்கு எடுத்துப் போய் ஒளித்து வைக்க இடம் இருக்காது. கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கஜத்துக்குள் விற்கக்கூடாது, 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு விற்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, ஆனால் நூற்றியோராவது கஜத்தில் ஒத்தை சிகரெட் கிடைக்கிற வரைக்கும் அது பையனைத் தடுக்காது.

இரண்டாவது எதிர்ப்பு எங்கள் ஆட்களிடம் இருந்து, அதாவது கடைக்காரர்களிடம் இருந்து வரும். இதைப் பேச எனக்கு உரிமை இருக்கிறது. பாக்கெட்டாக விற்றால் அச்சடித்த விலைதான், ஒத்தையாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் ஒரு ரூபாயோ ரெண்டு ரூபாயோ கூடக் கிடைக்கும், சில்லறை இல்லை என்று ஒரு மிட்டாயையும் தள்ளிவிடலாம். சிகரெட்டுக்கு வருகிறவர் டீ குடிப்பார், பப்ஸ் சாப்பிடுவார், தண்ணீர் பாட்டில் வாங்குவார். நான் சிகரெட் விற்பதை நிறுத்தினபோது சிகரெட்டில் வந்த லாபம் மட்டும் போகவில்லை, அதோடு சேர்ந்து வந்த வியாபாரமும் எதிர்க்கடைக்குப் போய்விட்டது. இன்றைக்கும் போகிறது. அதனால்தான் சொல்கிறேன், இதைக் கடைக்காரர்களின் மனசாட்சிக்கு விடக்கூடாது. ஒருத்தர் நிறுத்தினால் அவருக்கு நஷ்டம், பக்கத்துக் கடைக்கு லாபம், குடிக்கிறவருக்கு எந்த மாற்றமும் இல்லை. எல்லாக் கடைக்கும் ஒரே நாளில் ஒரே விதி என்றால் யாரும் யாரிடமும் இழக்கப் போவதில்லை. வணிகர் சங்கங்களில் இதை எதிர்த்துப் பேசுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் இருக்கிற பிள்ளைகளை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

சில்லறை விற்பனையை உடனே நிறுத்த முடியாது என்று அரசு நினைத்தால், கனடாவைப் பார்க்கட்டும். பாக்கெட்டில் படம் போடுவதை உலகத்துக்கே ஆரம்பித்து வைத்த நாடு அது. 2023 ஆகஸ்டில் இருந்து அங்கே ஒவ்வொரு சிகரெட்டின் மேலும் தனித்தனியாக எச்சரிக்கை அச்சடிக்க வேண்டும் என்று விதி கொண்டு வந்துவிட்டார்கள். ஃபில்டர் பக்கத்துக் காகிதத்தில், ஒவ்வொரு இழுப்பிலும் விஷம் என்கிற மாதிரி வாசகங்கள். அவர்கள் ஊரில் பாக்கெட்டாகத்தான் விற்கிறார்கள், ஏற்கனவே பாக்கெட்டில் பெரிய படம் இருக்கிறது, அப்படியும் போதாது என்று செய்திருக்கிறார்கள். ஒத்தையாக விற்கிற நமக்குத்தான் அது முதலில் வேண்டும். நம் ஊரில் அந்த நம்பரையும் சேர்த்து அடிக்கலாம், இலவச நம்பர், பத்து இலக்கம்தான், ஒரு சிகரெட்டின் நீளத்துக்குள் தாராளமாக அடங்கும்.

கடைசியாகச் சந்தை இலை. இதைப் பற்றி யாருமே பேசுவதில்லை. புகையிலை விளைவிக்கிற விவசாயிகள் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது, கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிற காட்டில் வேறு எது போட்டாலும் கருகும்போது இது ஒன்று விளைகிறது என்றால் அவர் என்ன செய்வார். வேடசந்தூரில் மத்திய அரசே புகையிலைக்கு ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிறது. விளையலாமா வேண்டாமா என்பதை விவசாயத் துறை பேசட்டும். நான் கேட்பது விற்கிற இடத்தைப் பற்றி மட்டும். சந்தையில் சுங்கம் வசூலிக்கிற நகராட்சியும் பேரூராட்சியும் ஊராட்சியும், புகையிலைக் கடை போடுகிறவர் ஒவ்வொருவரும் இரண்டடிக்கு ஒரு படப் பலகையை இலைக்கு மேலே தொங்கவிட வேண்டும் என்று ஒரு விதி போடலாம். பலகையை நகராட்சியே அடித்துக் கொடுக்கலாம், பெரிய செலவு ஒன்றும் இல்லை. அதில் எழுத்து நிறைய வேண்டாம். வெள்ளைத் திட்டு எப்படி இருக்கும், புண் எப்படி இருக்கும், இரண்டு படம், கீழே அந்த நம்பர், பக்கத்தில் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயர். புளியம்பட்டி, அன்னூர், பெருந்துறை, பொள்ளாச்சி என்று பெரிய சந்தைகளில் மட்டும் முதலில் செய்தாலே எத்தனையோ கிராமத்துப் பெண்கள் பார்ப்பார்கள்.

தமிழ்நாடு அரசு 2023-இல் வீடு வீடாக அழைப்புச் சீட்டு கொடுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்கிற திட்டத்தை ஆரம்பித்தபோது முதலில் எடுத்துக்கொண்ட நான்கு மாவட்டங்களில் எங்கள் ஈரோடும் ஒன்று. மார்பகம், கர்ப்பப்பை வாய், அதோடு வாய்ப் புற்றுநோய்க்கும் பார்க்கிறார்கள். மனதார வரவேற்கிறேன். ஆனால் எங்கள் தெருவுக்கு அதைச் சொல்ல வந்த அம்மாக்களிடம், எனக்கு ஒன்றும் இல்லை கண்ணு, நான் நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்லிப் பேரிளம் பெண்களும் கிழவிகளும் வாயைத் திறந்து காட்டாமலே அனுப்பிவிடுகிறார்கள். வாய்க்குள் இருக்கிற திட்டு நோய் என்று தெரிந்தால்தானே காட்டுவார்கள். அழைப்புச் சீட்டு கொடுக்கும்போதே அந்தப் படத்தையும் ஒரு அட்டையில் கொடுங்கள். வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் பத்திரிகையிடமும் ஒன்று கேட்க வேண்டும். இந்த 1800-11-2356 என்ற நம்பரை வாரத்தில் ஒரு நாளாவது, சந்தை விலை நிலவரம் போடுகிற பக்கத்தில் ஒரு ஓரத்தில் போடுங்கள். எங்கள் பக்கத்து விவசாயிகளும் வியாபாரிகளும் முதலில் திருப்புகிற பக்கம் அதுதான். படம் ஒன்றும் சேர்த்துப் போட முடிந்தால் இன்னும் நல்லது, சந்தையில் புகையிலையைச் சுற்றிக் கொடுப்பது உங்கள் பத்திரிகையில்தான்.

இப்படிக்கு,
மளிகைக் கடைக்காரர் ஒருவர்,
புஞ்சைப் புளியம்பட்டி, ஈரோடு மாவட்டம்.